மூன்றாம் பெஞ்சுக்கு அடியில்

லிங்கராஜபுரம்
7 ஜூலை 2025

அண்ணா,

அப்பா எழுதுகிற மாதிரி கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துச் சொல்லி ஆரம்பித்தால் நீ படிக்காமலே மூடிவிடுவாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை. நேராக வேலைக்கு வருகிறேன். போன் வேண்டாம். போனில் நாம் யார் முதலில் கத்துவது என்றுதான் பார்ப்போம். பாப்பா எஸ்ஸி தூங்கும்போது மெயில் எழுதினால் அடித்துத் திருத்தியாவது எழுதலாம்.

கோயில் ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுத என்னைப் போட்டிருக்கிறார்கள். எம்.ஏ. ஹிஸ்டரி படித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எழுதட்டும் என்று கமிட்டியில் யாரோ சொல்ல, செயலாளர் அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எழுதுவது என்றால் என்ன என்று அந்த யாரோவுக்குத் தெரியாது.

கன்டோன்மென்ட் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய கோயில், கோபுரம் பிறகு வந்தது, பெஞ்சின் முதுகில் இருக்கும் வெட்டுகள் துப்பாக்கியைச் சாய்த்து வைப்பதற்கு, தமிழ் ஆராதனை ரொம்ப வருஷம் சாயங்காலம் மட்டும்தான் நடந்தது, பட்டாளத்து வீடுகளில் வேலை செய்த நம் ஆட்கள் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். கட்டடம் பற்றித்தான் தெரியாது. அதை மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்த ஒரே ஆள் நீ. கோபுரத்தில் விரிசல், மணி அடிக்கக் கூடாது என்று நீ கொடுத்த ரிப்போர்ட்டுக்காக அப்பா உன்னைக் கமிட்டி முன்னால், "என் பையனுக்குக் கோயிலைப் பூட்டணும்னு ஆசை" என்று சொன்னதையும், நானும் அவர் பக்கம் நின்றதையும் நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் கேட்கிறேன். கூரை தேக்கா? தூண்கள் ஏன் இரட்டை இரட்டையாக நிற்கின்றன? கோயிலுக்குள் சத்தம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து குவியும்படி ஏதாவது செய்து வைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி மலருக்கு இல்லை அண்ணா. எஸ்ஸிக்கு.

அவள் சத்தத்துக்குத் திரும்புவதில்லை. குக்கர் விசில், தெருவில் ஹாரன், என் குரல், எதற்கும் இல்லை. முகத்தைப் பார்த்தால் மட்டும் வாய் நிறையச் சிரிப்பாள். பிறந்த ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற மெஷின் ரிப்பேர், அப்புறம் வாருங்கள் என்றார்கள். அப்புறம் போகவில்லை. போன மாசம் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா அவள் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டு, பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்களாம். தேதியும் வாங்கினோம்.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளை பெஞ்சில் படுக்கவைத்திருந்தேன். சோனியா அக்கா ஆர்கனைத் தொட்டதும் எஸ்ஸி கண்ணை அகல விரித்து, ஆர்கன் பக்கம் தலையைத் திருப்பினாள். அடுத்த வாரமும் அப்படியே. அப்பா அங்கேயே அழுதுவிட்டார். மறு வாரம் என்னைக் கேட்காமலே காணிக்கைக் கவரில் எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்டர் மைக்கில் வாசித்தார்: "பேத்தி எஸ்தருக்குச் செவித்திறன் அருளியதற்காக ஸ்தோத்திர காணிக்கை." சபை முழுக்க ஆமென் சொன்னது. டெஸ்டை கேன்சல் பண்ணிவிட்டோம். காணிக்கை வாசித்த பிறகு டெஸ்டுக்குப் போவது கடவுளிடம் ரசீது கேட்கிற மாதிரி என்று என் மாமியார், சுனிலின் அம்மா, சொல்கிறார்.

வீட்டுக்கு வந்தால் மறுபடி ஒன்றும் இல்லை. கோயிலில் கேட்கிறது, வீட்டில் கேட்கவில்லை. இப்படி ஒரு காது உண்டா?

ஆஞ்சி

*

தரங்கம்பாடி
12 ஜூலை 2025

ஆஞ்சி,

இங்கே ஒரு பழைய பங்களாவுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறோம். கை வெந்து கிடக்கிறது. அதனால் சுருக்கமாக.

கூரை தேக்கு. முதலில் இருந்தது ஓடு வேய்ந்த நீளமான ஒரு கூடம், அவ்வளவுதான். பட்டாளம் பெருகவும் பக்கச் சுவர்களை இடித்து இரண்டு பக்கமும் அகலப்படுத்தினார்கள். பழைய சுவர் நின்ற இடத்தில் கூரையைத் தாங்க ஒற்றைத் தூண் போதாது, அதனால் இரட்டை. அதை அழகுக்கு என்று மலரில் எழுதிவிடாதே. பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஞானஸ்நானத் தொட்டி வாசல் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம், திருச்சபைக்குள் நுழைவதே அங்கேதான் என்பது. பைப் ஆர்கன் கடைசியில் வந்தது. வைக்க இடமில்லாமல் இடது பக்க முன் பெஞ்சுகள் சிலவற்றை எடுத்துவிட்டு அங்கே நிறுத்தினார்கள்.

சத்தம் குவிகிற இடம் எதுவும் இல்லை. உண்மையில் அந்தக் கோயிலில் பேச்சு எங்கேயும் தெளிவாகக் கேட்காது. பிரசங்கம் பாதி புரியாததற்கு பாஸ்டர் மட்டும் காரணம் இல்லை.

நீ எழுதியதை மறுபடி படித்தேன். எந்தப் பெஞ்ச்? எந்தப் பக்கம்? அவள் உன் மடியிலா, மரத்தின் மேலேயா? சோனியா வாசித்தது மெல்லிய மேல் சுரமா, காலால் மிதித்து வாசிக்கிற தடித்த கீழ்ச் சுரமா?

நான் எதுவும் சொல்லவில்லை. கேட்கிறேன். டெஸ்டுக்கு மறுபடி தேதி வாங்கி வை.

குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு. இதுவரை பார்த்ததில்லை.

டேரில்

*

லிங்கராஜபுரம்
21 ஜூலை 2025

அண்ணா,

போட்டோ வைத்திருக்கிறேன். மூக்கு உன்னுடையது என்று அப்பா ஒரு தடவை சொல்லிவிட்டு, சொன்னது தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்.

நீ போலீஸ் மாதிரி கேட்கிறாய். சரி. இடது பக்கம், மூன்றாவது பெஞ்ச். பெஞ்சின் மேல் ஒரு மெல்லிய துண்டு, அதன் மேல் அவள். சுரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆராதனை ஆரம்பிக்கும்போது வயிற்றுக்குள் உறுமுகிற மாதிரி ஒன்று வருமே, அப்போதுதான் திரும்புகிறாள். பாட்டு பாடும்போது கவனிப்பதில்லை.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. வீட்டில் நானே டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீல் தட்டைப் பின்னால் தட்டினால் ஒன்றுமில்லை. சுனில் அடுகோடி வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் செல்போனில் பாட்டுப் போட்டுக் காதோடு வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. நேற்று கேஸ்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து டங் என்று தரையில் வைத்தார். பாயில் படுத்திருந்த எஸ்ஸிக்குத் தூக்கிவாரிப்போட்டது! அப்பா ஹாலில் இருந்தபடியே, "பாத்தியா, பாத்தியா! கேக்குது. உனக்குத்தான் விசுவாசம் இல்ல" என்றார்.

"அப்ப குக்கர் ஏன்பா கேக்கல?"

"குக்கர் சத்தத்துல என்னா இருக்கு கேக்கறதுக்கு? புள்ள தனக்குப் புடிச்சதத்தான் கேக்கும்."

"சிலிண்டர் புடிக்குமாப்பா அவளுக்கு?"

அதற்கு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. கோயிலில் ஆன்ட்டிமார் வரிசையாக வந்து, "ஸ்தோத்திரம்மா, கேக்குதாமே பாப்பாவுக்கு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள். நான் ஆமாம் என்கிறேன். சில நாள் அந்த ஆமாம் உண்மை என்றே தோன்றுகிறது. சாயங்காலம் ஆனால் தோன்றுவதில்லை.

டெஸ்டுக்குத் தேதி வாங்கவில்லை. வாங்கினால் வீட்டில் தெரியும். சுனில், "நீ சொல்லு, போலாம்" என்கிறார். நான் சொல்ல வேண்டுமாம். எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கு என்ன தோன்றுகிறது?

ஆஞ்சி

*

தரங்கம்பாடி
25 ஜூலை 2025

ஆஞ்சி,

எனக்குத் தோன்றுவதை எழுதி எழுதி அழித்தேன். அதற்குப் பதிலாக ஒன்று செய்.

வார நாளில், கூட்டம் இல்லாதபோது, சோனியாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. எஸ்ஸியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவழியில், கல் தரையில், ஆர்கனுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் நில். அந்தத் தடித்த சுரத்தை வாசிக்கச் சொல். அவள் முகம் ஆர்கனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பிறகு அதே சுரத்துக்கு அவளை மூன்றாவது பெஞ்சில் படுக்கவைத்துப் பார். துண்டு வேண்டாம்.

ஏன் என்று இப்போது கேட்காதே. நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் நல்லது.

மூக்கு என்னுடையதுதான். பாவம் குழந்தை.

டேரில்

*

லிங்கராஜபுரம்
2 ஆகஸ்ட் 2025

அண்ணா,

இன்று போனோம். சுனில் லீவு போட்டுவிட்டு வந்தார். அப்பாவிடம் மலருக்குப் போட்டோ எடுக்க என்று சொன்னேன். வாட்ச்மேன் கிருஷ்ணப்பா கதவைத் திறந்துவிட்டு, "ஏனம்மா, இன்னிக்கு சண்டே அல்லவே? மகுவுக்கு, பாப்பாவுக்கு மட்டும் தனி ஆராதனையா?" என்று தன் கன்னடத் தமிழில் கேட்டுச் சிரித்தார். எஸ்ஸி அவர் விசிலைப் பிடித்து இழுத்தாள். அவர் அதை ஊதிக் காட்டினார். அவள் அவர் கன்னம் உப்புவதைத்தான் பார்த்தாள்.

கல் தரையில் நின்றேன். ஆர்கன் குழாய்கள் கை நீட்டினால் தொடுகிற தூரம். சோனியா அக்கா மிதித்தார். எனக்குக் காது அடைத்தது. சுனில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எஸ்ஸி என் தோளில் செயினைச் சப்பிக்கொண்டிருந்தாள். சப்புவதை நிறுத்தவே இல்லை. "இன்னொருவாட்டி வாசிங்க அக்கா" என்றேன். மறுபடியும் சப்பினாள். இன்னொருவாட்டி என்றேன். சுனில் மெல்ல, "போதும் ஆஞ்சி" என்றார்.

பிறகு பெஞ்சில் படுக்கவைத்தேன். ஆர்கன் அங்கிருந்து இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. சோனியா அக்கா மிதித்ததும் கையைக் காலை உதைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி, சிரித்தாள். நிறுத்தினால் சிரிப்பும் நின்றது. "அய்யோ, சாவி குடுத்த பொம்மையாட்டம் இருக்காளே!" என்றார் சோனியா அக்கா. உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

நானும் பெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

பாதி புரிகிறது அண்ணா. மீதிப் பாதியை நீ எழுது. எழுதாமல் விட்டால் நான் ஞாயிறு தோறும் பெஞ்சில் படுக்கவைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்துவிடுவேன். எனக்கு அது முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆஞ்சி

*

தரங்கம்பாடி
3 ஆகஸ்ட் 2025

ஆஞ்சி,

நடுவழி மட்டும்தான் கல். பெஞ்சுகள் நிற்பது பலகைத் தளத்தில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாண் உயரம்தான், யாரும் கவனிப்பதில்லை; உள்ளே ஆள் தவழ்ந்து போகிற ஆழம். மழைக்காலத்தில் தரை ஈரம் மரத்தில் ஏறாமலிருக்கவும், கறையான் வந்தால் தெரியவும், அடியில் காற்று ஓடும்படி வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பலகைக்கு அடியில் நீளமான மரச் சட்டங்கள் போகின்றன. வலது பக்கத்தில் அவை சுவரோடு முடிகின்றன. இடது பக்கத்தில் முன் பெஞ்சுகளை எடுத்துவிட்டு ஆர்கனை வைத்தார்கள் என்று எழுதினேனே, அந்தச் சட்டங்களை யாரும் வெட்டவில்லை. ஆர்கனும் உன் மூன்றாவது பெஞ்சும் ஒரே சட்டத்தின் மேல் நிற்கின்றன. நான் தவழ்ந்து போய்ப் பார்த்திருக்கிறேன். கீழ்ச் சுரம் வரும்போது அந்தச் சட்டம் முழுக்க நடுங்கும். அவள் முதுகுக்கு அது தெரிகிறது, நடுக்கம் வருகிற பக்கம் திரும்புகிறாள். சிலிண்டரைத் தரையில் வைத்ததும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அவளுக்குக் கேட்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு மரம் தெரியும், காது தெரியாது. ஆனால் கோயிலில் நடந்ததை வைத்துக் கேட்கிறது என்று சொல்ல முடியாது.

நீ முதல் கடிதத்தில் பெஞ்ச் என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம். சொல்லத் தைரியமில்லை. போன தடவை கோபுரத்தில் விரிசல் என்று எழுதினேன், வீட்டில் என் தட்டைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை நீயும் போய்விடுவாயோ என்று நினைத்தேன்.

டெஸ்டுக்குப் போ. இந்த வாரமே.

டேரில்

*

லிங்கராஜபுரம்
4 ஆகஸ்ட் 2025

உனக்கு எதைப் பார்த்தாலும் விரிசல்தான் தெரியும். அப்பா சொன்னது சரி. ஒரு குழந்தை சிரித்தால்கூடக் கீழே குனிந்து பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நீ. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் பார்த்தேன், அது நடந்தது.

இனி எழுதாதே.

*

தரங்கம்பாடி
11 ஆகஸ்ட் 2025

எழுதாதே என்றாய். ஒரு வரி மட்டும். அவள் சிரித்தது பொய் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

டே.

*

லிங்கராஜபுரம்
30 ஆகஸ்ட் 2025

அண்ணா,

டெஸ்ட் முடிந்தது. இரண்டு காதிலும் ரொம்பக் குறைவு. இடியோ வெடியோ ஏதோ கொஞ்சம் எட்டலாம், பேச்சு எட்டாது. இப்போதே மெஷின் வைத்துப் பழக்க வேண்டும், அது போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்பதைச் சில மாசம் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். எழுதிவிட்டேன். எழுதினால் கை விளங்காமல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

அப்பாவிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. ஆராதனைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், "இதுல கை வைங்கப்பா" என்றேன். சோனியா அக்கா மிதித்தார். வைத்த கையை அவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு கோபம் வந்தது. "காணிக்கை வாசிச்சாச்சு. சபையே ஆமென் சொல்லிச்சு. இப்ப போயி என்னான்னும்மா சொல்றது?"

"எனக்குத் தெரியலப்பா."

"அப்ப எனக்கு மட்டும் தெரியுமா?" என்று கத்தினார். கோயிலுக்குள் அவர் கத்தி நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை உன்னிடம்.

ஆனால் டெஸ்ட் அன்று நானும் சுனிலும் கிளம்பும்போது தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். "பாப்பா தூங்கலன்னா பால் கலக்கணும்ல" என்றார்.

உள்ளே டெஸ்ட் எடுக்கிற பெண், பெயர் ஸ்னேஹா, என்னைவிடச் சின்னவள்தான், கேட்டாள்: "மகு ஏதாவது சவுண்டுக்கு ரியாக்ட் பண்ணுதா?" சுனில், "இல்ல" என்றார். அப்பா, "பண்ணும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கோயில், பட்டாளம், ஈரம், பலகை, சட்டம் என்று முழுசையும் சொல்லி முடித்தேன். வெளியே அடுத்த டோக்கன்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் குறுக்கே பேசவில்லை. "தட்ஸ் குட், அம்மா. அவ நல்லா கவனிக்கிற புள்ள" என்று மட்டும் சொன்னாள். அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் எஸ்ஸியிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அவளுக்குத்தான் கேட்காதே என்று வாய் தானாக மூடிக்கொண்டது. இரண்டு நாள் பேசாமலே குளிப்பாட்டி, பேசாமலே ஊட்டினேன். அவள் என் வாயையே தேடித் தேடிப் பார்த்தாள். விரலை விட்டு உதட்டைத் திறக்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் பேச்சை நிறுத்தவில்லை. காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறேன். வேறு விஷயம் கிடைக்காதபோது இரட்டைத் தூண் ஏன் என்று அவளுக்குச் சொல்கிறேன்.

சந்தோஷமா, துக்கமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆன்ட்டிமாரிடம், "மெஷின் வெக்கப் போறோம் ஆன்ட்டி" என்கிறேன். சிலர் கிள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் இன்னும் கிள்ளுகிறார்கள். போன ஞாயிறு அப்பா எங்களோடு மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். செயலாளர் நாற்காலி முன்னால் காலியாகக் கிடந்தது. சோனியா அக்கா ஆரம்பித்ததும் எஸ்ஸி திரும்பிச் சிரித்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலைப் பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வரும்போது கேட்டார்: "அவன் எங்க இருக்கான் இப்ப? தரங்கம்பாடியிலயா? லீவு குடுப்பாங்களா?"

மெஷினுக்கு அளவெடுக்கக் காதுக்குள் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அடைத்தார்கள். எஸ்ஸிக்குக் கிச்சுகிச்சு மூட்டியது போல, சிரித்துச் சிரித்து அளவு கெட்டுப்போய் மறுபடி எடுத்தார்கள். அடுத்த மாசம் முதல் வாரத்தில் மெஷின் வருகிறது. முதல் நாளில் தெரிந்த முகங்கள் சுற்றி இருக்க வேண்டுமாம், எல்லாரும் அவள் எதிரே உட்கார்ந்து, வாய் தெரியப் பேச வேண்டுமாம்.

உன் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் இரண்டு நாள் முன்னதாகவே வா. அந்த மீசையை எடுத்துவிட்டு வா. உதடு தெரிய வேண்டும்.

ஆஞ்சி